விண்கல்லின் சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

1857 பிப்ரவரி 28 அன்று மதுரைச் சீமையில் வானத்திலிருந்து இரண்டு கற்கள் விழுந்தன. இரண்டும் சேர்ந்து சுமார் 77 கிலோ. அன்றைய ஆங்கிலேயர்கள் எழுதிவைத்த 'பார்னல்லீ' என்ற பெயரிலேயே அந்தக் கல்லை இன்றும் உலகம் அறிகிறது. 164 ஆண்டுகள் கழித்து, அதே பிப்ரவரி 28 இரவில், இங்கிலாந்தின் வின்ச்கூம் என்ற சிற்றூரில் ஒரு வீட்டு வாசலில் இன்னொரு கல் விழுந்து கரித்தூள் மாதிரி சிதறியது. தேதி ஒன்றாக அமைந்தது வெறும் தற்செயல். ஆனால் இந்த இரண்டிடமும் 'உனக்குச் சொந்த ஊர் எது?' என்று கேட்டால் ஒரே மாதிரி பதில் வராது. வின்ச்கூம் கல் வந்த வழியைப் பல கேமராக்கள் பார்த்திருந்தன. மதுரைக் கல் வந்ததைப் பார்த்த கண்கள் எதுவும் இன்று இல்லை. கல் மட்டும்தான் பேசவேண்டும்.

வந்த வழி, கல்லின் குணம் என்று இரண்டு நூல்கள் இருக்கின்றன. இரண்டையும் பிடித்துக்கொண்டு போனால்தான் ஊர் வந்து சேரும். செல்போன், எக்செல் தாள், கொஞ்சம் பொறுமை இருந்தால் புதியவர்களும் இந்த வழியில் நல்ல தூரம் போகலாம். புதிதாக எதையும் கண்டுபிடிக்காவிட்டாலும், 'இந்தக் கல் இந்தச் சிறுகோளிலிருந்து வந்தது' என்று நாளை ஒரு செய்தி வரும்போது அதை எவ்வளவு நம்பலாம் என்பது உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

1. எரிநட்சத்திரமா, கல்லா?

இந்த இரண்டையும் முதலிலேயே பிரித்துவிடுங்கள். ஆண்டுதோறும் குறிப்பிட்ட நாட்களில் வரும் எரிநட்சத்திரப் பொழிவுகள் பெரும்பாலும் வால்நட்சத்திரங்கள் வழியில் உதிர்த்துவிட்டுப் போன தூசு. மணல் அளவு, அதிகம் போனால் கூழாங்கல் அளவு. மேலேயே எரிந்து முடிந்துவிடும், தரைக்கு எதுவும் வராது. கையில் எடுக்கக்கூடிய விண்கற்களோ பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள்களின் உடைசல். 'பெர்சியட் பொழிவில் எங்கள் தோட்டத்தில் கல் விழுந்தது' என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2016 பிப்ரவரியில் அன்றைய வேலூர் மாவட்டத்தின் நாட்டறம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நடந்து ஒருவர் இறந்தார். விண்கல் தாக்கி இறந்த முதல் மனிதர் என்று செய்தி உலகம் சுற்றியது. வெளியான படங்களைப் பார்த்த நாசா தரப்பு, தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றது. விழுந்தது விண்கல்தானா என்று உறுதியாகும் முன்பே அதன் பூர்வீகத்தைத் தேடிக் கிளம்பாதீர்கள். காந்தம் ஒட்டினால் விண்கல் என்பதும் போதாது. இரும்பு உருக்கிய கசடும் காந்தத்தில் ஒட்டும். புதிதாக விழுந்த கல்லின் மேல் முட்டை ஓடு மாதிரி மெல்லிய கருந்தோல் இருக்கிறதா, உடைந்த இடத்தில் உள்ளே வெளிறிய நிறமும் இரும்புப் பொட்டுகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். கசடில் காணப்படும் காற்றுக் குமிழ் ஓட்டைகள் விண்கல்லில் அநேகமாக இருக்காது.

2. பொழிவில் கை பழகுங்கள்

கல்லுக்குப் போகும் முன் பொழிவில் பழகுவது நல்லது, ஏனென்றால் அங்கே விடை முன்பே தெரியும். டிசம்பர் 13, 14 இரவுகளில் மிதுனப் பொழிவு வரும். வானத்தின் படத்தை ஒரு தாளில் அச்சிட்டுக்கொண்டு மொட்டைமாடியில் படுங்கள். ஒவ்வொரு கீற்று தெரியும்போதும் அது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கோடு போடுங்கள். இருபது கோடு சேர்ந்ததும் எல்லாவற்றையும் பின்னோக்கி நீட்டுங்கள். பெரும்பாலானவை புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களில் ஒன்றான காஸ்டர் அருகே போய்க் கூடும். தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுசேர்வது போலத் தெரியுமே, அதே கண்மயக்கம்தான் இது. உண்மையில் எல்லாத் துகள்களும் இணையாகவே வருகின்றன. அவை கூடும் புள்ளிதான் அவற்றின் திசை.

திசையோடு வேகமும் தெரிந்தால் பாதை கிடைக்கும். மிதுனப் பொழிவின் வேகம் நொடிக்கு சுமார் 35 கி.மீ. இதன் தாயைப் பல காலம் யாருக்கும் தெரியாது. 1983இல் ஐராஸ் என்ற அகச்சிவப்புச் செயற்கைக்கோளின் படங்களில் ஃபேத்தான் என்ற சிறுகோள் அகப்பட்டது. அதன் பாதையும் பொழிவின் பாதையும் ஒன்றாக இருந்தன. இங்கே தாய் வால்நட்சத்திரமாக இல்லாமல் சிறுகோளாக இருப்பதுதான் வேடிக்கை. மற்றப் பெரும்பாலானவற்றில் மரபு மாறவில்லை, தாய் வால்நட்சத்திரமே. ஆகஸ்ட் மாதப் பெர்சியட்டுக்கு ஸ்விஃப்ட்-டட்டில், நவம்பரில் மகம் பக்கமிருந்து வரும் சிம்மப் பொழிவுக்கு டெம்பல்-டட்டில், அக்டோபரில் திருவாதிரைக்கு அருகிலிருந்து கிளம்பும் பொழிவுக்கு ஹாலி. பெர்சியட்டையும் ஸ்விஃப்ட்-டட்டிலையும் முடிச்சுப்போட்டவர் இத்தாலியரான ஸ்கியாபரெல்லி, 1866இல்.

3. வானத்துக் கோட்டை முப்பரிமாணத்தில் போடுங்கள்

இனி பெரிய தீப்பந்துகளுக்கு வருவோம். ஓரிடத்திலிருந்து எடுத்த ஒரு வீடியோ போதாது. இரண்டு இடங்கள் வேண்டும், அவற்றுக்கிடையே சில பத்து கிலோமீட்டராவது தூரம் வேண்டும். ஒரே தீப்பந்து இரண்டு ஊர்களிலிருந்து பார்க்கும்போது வெவ்வேறு நட்சத்திரங்களுக்கு முன்னால் போகும். அந்த வித்தியாசத்தை வைத்து உயரத்தையும் பாதையையும் கணக்கிடலாம்.

1959 ஏப்ரல் 7 அன்று செக்கோஸ்லோவாக்கியாவில் இப்படித்தான் முதல்முறை நடந்தது. ஜெனெக் செப்லேகா என்ற வானியலாளரின் குழு வைத்திருந்த கேமராக்களில் ஒரு தீப்பந்து பதிவானது. கணக்குப் போட்டுத் தேடினார்கள், பிரிப்ராம் ஊர் அருகே கற்கள் கிடைத்தன. படம்பிடித்த சுற்றுப்பாதையோடு கிடைத்த முதல் விண்கல் அது. இன்று வரை பதிவான விண்கற்கள் 70,000க்கும் மேல். அவற்றில் இப்படிப் பாதை தெரிந்தவை நூறுகூட இல்லை, அவ்வளவுதான்.

இப்போது கேமரா இல்லாத தெரு இல்லை. 1992 அக்டோபரில் அமெரிக்காவின் பீக்ஸ்கில்லில் நின்றிருந்த ஒரு காரின் பின்பக்கத்தைப் பிய்த்த கல்லுக்கு, கால்பந்து ஆட்டம் எடுத்துக்கொண்டிருந்தவர்களின் வீடியோக்கள் உதவின. 2013 பிப்ரவரி 15இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வெடித்ததற்கு காரின் முகப்புக் கேமராக்கள். இப்படிப்பட்ட வீடியோ உங்களிடம் இருந்தால் அதை அளவையாக மாற்ற ஓர் எளிய வழி உண்டு. கேமரா இருந்த அதே இடத்துக்கு இரவில் போய், அதே மின்கம்பமும் அதே கூரை விளிம்பும் தெரியும்படி நட்சத்திரங்களைப் படமெடுங்கள். கம்பத்தின் நுனிக்குப் பக்கத்தில் எந்த நட்சத்திரம் எத்தனை மணிக்கு இருந்தது என்பது தெரிந்தால் வீடியோவின் ஒவ்வொரு புள்ளிக்கும் கோணம் கிடைத்துவிடும். கேமராவின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்பதையும் மறக்காமல் பாருங்கள். பார்த்ததைப் பதிவு செய்ய சர்வதேச எரிநட்சத்திர அமைப்பின் இணையப் படிவம் இருக்கிறது. கூரையில் நிரந்தரமாக ஒரு கேமரா வைக்க ஆசையென்றால், ராஸ்பெர்ரி பை கணினியில் ஓடும் குளோபல் மீட்டியர் நெட்வொர்க்கில் தன்னார்வலர்கள் சேரலாம்.

4. வேகத்தில்தான் கண் இருக்கவேண்டும்

திசையில் சிறு பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், வேகத்தில் வந்தால் எல்லாம் குட்டிச்சுவர். பிரிப்ராம் கல் காற்றுமண்டலத்தில் நுழைந்த வேகம் நொடிக்கு 20.9 கி.மீ. இதில் ஒரு பங்கு பூமி இழுத்ததால் வந்தது. அதைக் கழிக்க, 20.9இன் வர்க்கத்திலிருந்து, பூமியின் பிடியிலிருந்து தப்பும் வேகமான 11.2இன் வர்க்கத்தை எடுத்துவிட்டு வர்க்கமூலம் காணுங்கள், சுமார் 17.6 வரும். பூமியின் தற்சுழற்சிக்கும் சிறிய திருத்தம் உண்டு. பிறகு பூமி சூரியனைச் சுற்றும் வேகத்தை, நொடிக்கு சுமார் 30 கி.மீ., திசையோடு கூட்டவேண்டும். அப்போது கிடைப்பதே சூரியனைப் பொறுத்துக் கல்லின் வேகம்.

பூமி இருக்கும் தூரத்தில் ஒரு கல் சூரியனைப் பொறுத்து நொடிக்கு 37.5 கி.மீ. போனால் அதன் சராசரித் தூரம் 2.4 வானியல் அலகு. (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரமே ஓர் அலகு.) அதே வேகத்தை 38.5 என்று தப்பாக அளந்தால் விடை 3.0 ஆகிவிடும். ஒரே ஒரு கிலோமீட்டர் பிழையில் கல் சிறுகோள் பட்டையின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குக் குடிபோய்விடுகிறது. காற்றில் உராய்ந்து வேகம் குறைந்துகொண்டே வருவதால், பாதையின் தொடக்கப் பகுதியில் அளப்பதே நல்லது. வெடித்துப் பிரகாசமாகும் இடம் கண்ணைப் பறிக்கும்தான், ஆனால் வேகம் அளக்க அது உதவாது.

5. வால்நட்சத்திரமா, சிறுகோளா: ஒரு எக்செல் சோதனை

சுற்றுப்பாதை கிடைத்ததும் டிஸ்ஸராண்ட் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வியாழன் ஒரு பொருளை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லும் சூத்திரம் இது. வேண்டியவை மூன்று: சராசரித் தூரம், நீள்வட்டம் எவ்வளவு நீண்டு ஒடுங்கியது என்று சொல்லும் மையத்தொலைத்தகவு, பாதையின் சாய்வு. பிரிப்ராமுக்கு இவை 2.40, 0.67, 10.5 பாகை.

வியாழனின் தூரமான 5.2ஐ 2.40ஆல் வகுங்கள், 2.17. இது முதல் துண்டு. அடுத்து 2.40ஐ 5.2ஆல் வகுத்து, 1இலிருந்து 0.67இன் வர்க்கத்தைக் கழித்து வருவதால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். அதைச் சாய்வின் கொசைனால் பெருக்கி இரட்டிப்பாக்குங்கள், 0.99. இரண்டையும் கூட்டினால் 3.16. மூன்றுக்கு மேல் வந்தால் சிறுகோள் மாதிரிப் பாதை. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் என்றால் வியாழன் குடும்பத்து வால்நட்சத்திரம். இரண்டுக்குக் கீழே என்றால் வெகுதூரத்து வால்நட்சத்திரம். ஹாலிக்குப் போட்டால் சுழியத்துக்கும் கீழே, -0.6 வரும்.

எக்செல்லில் ஒரு பள்ளம் இருக்கிறது, நிறையப் பேர் விழுவார்கள். அது கோணத்தை ரேடியனில்தான் எதிர்பார்க்கும். 10.5ஐ அப்படியே கொடுத்தால் பிரிப்ராமின் விடை 1.69 என்று வந்து, நல்ல சிறுகோள் கல் வால்நட்சத்திரம் ஆகிவிடும். கோணத்தை மாற்ற மறந்தால் விடையும் கோணல். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தின் சிறுபொருள் தரவுத்தளத்தில் இந்த எண்ணைக் கணக்கிட்டே வைத்திருக்கிறார்கள். நான்கைந்து பொருட்களுக்கு நீங்களே போட்டு அதோடு ஒப்பிட்டால் கணக்கு சரியா என்று தெரிந்துவிடும். என்கே வால்நட்சத்திரத்தைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். அசல் வால்நட்சத்திரம், ஆனாலும் 3.03 வரும். இந்தச் சோதனை சல்லடைதான், தீர்ப்பு அல்ல.

வால்நட்சத்திரத்திலிருந்து வந்தது என்று நிரூபிக்கப்பட்ட விண்கல் இதுவரை ஒன்றுகூட இல்லை. 1864இல் பிரான்சில் விழுந்த ஓர்கேய் கல்மீது மட்டும் சந்தேகம் தொடர்கிறது.

6. கல்லை விசாரியுங்கள்

இந்தக் கட்டத்துக்கு ஆய்வகம் வேண்டும். ஆனால் முடிவுகள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. மீட்டியரிட்டிக்கல் புல்லட்டின் தரவுத்தளத்தில் கல்லின் பெயரைத் தட்டினால் ரகம், எடை, விழுந்த நாள் எல்லாம் வரும்.

விழுவதைப் பார்த்து எடுத்த கற்களில் பத்துக்கு எட்டு 'சாதாரண கோண்ட்ரைட்'. உள்ளே கடுகு அளவு உருண்டைகள் இருக்கும். இரும்பு அதிகமென்றால் ஹெச், குறைவென்றால் எல், மிகக் குறைவென்றால் எல்எல். இந்த மூன்றும் ஒரே தாயின் மூன்று அடுக்குகள் அல்ல, தனித்தனித் தாய்கள். ஆக்சிஜனின் மூன்று ஐசோடோப்புகள் (எடை மட்டும் வேறான அணுக்கள்) என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று அளந்தால் இது தெரியும். பிறப்பிடத்தின் முத்திரை மாதிரி அந்த விகிதம் கல்லில் பதிந்திருக்கும். உருக்கினாலும் நொறுக்கினாலும் எளிதில் அழியாது.

ஆஸ்திரேலியாவின் நல்லார்பார் சமவெளியில் 2007இல் விழுந்த பன்பரா ராக்ஹோல் கல் இதற்கு நல்ல பாடம். பார்வைக்கு எரிமலைப் பாறை, வெஸ்டா சிறுகோளின் பிள்ளை என்றே யாரும் சொல்வார்கள். ஆக்சிஜனை அளந்தார்கள், பொருந்தவில்லை. வெஸ்டா மாதிரியே உருகி உறைந்த வேறு ஏதோ ஒரு தாய்.

7. ஒரே பாதை, இரண்டு கற்கள்

2002 ஏப்ரல் 6 அன்று ஜெர்மனியின் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு அருகே ஒரு தீப்பந்து விழுந்தது. பாதையைக் கணக்கிட்டவர்கள் திகைத்தார்கள். தூரம் 2.40, மையத்தொலைத்தகவு 0.67, சாய்வு 11.4 பாகை. 43 ஆண்டுகளுக்கு முன்பு விழுந்த பிரிப்ராமின் பாதையேதான். ஒரே தாயிலிருந்து பிரிந்த கற்கள் கூட்டமாகச் சுற்றிவருகின்றன என்று முடிவு கட்டத் தோன்றும்.

கல் கிடைத்தது. பிரிப்ராம் ஹெச் ரகம். நாய்ஷ்வான்ஸ்டைனோ என்ஸ்டடைட் கோண்ட்ரைட், இரும்பு ஆக்சைடே ஏறாத, முற்றிலும் வேறு வம்சம். விண்வெளியில் அலைந்த காலமும் வேறு. பிரிப்ராம் சுமார் 1.2 கோடி ஆண்டுகள், மற்றது சுமார் 4.8 கோடி ஆண்டுகள். அண்ணன் தம்பி என்று நினைத்தவர்கள் ஒரே பேருந்தில் வந்த இரண்டு அந்நியர்களாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது. பாதையை மட்டும் வைத்துத் தாயைச் சொல்லும் எந்தச் செய்தியைப் படித்தாலும் இதை நினைத்துக்கொள்வேன்.

சரி, பாதை அப்போது எதைத்தான் சொல்கிறது? கல் பட்டையைவிட்டு வெளியேறிய வாசலை. திருச்சியில் ஏறியதாக டிக்கெட் இருந்தால் அவர் திருச்சிக்காரர் என்று ஆகாது, அரியலூரிலிருந்து வந்து ஏறியிருக்கலாம். சிறுகோள் பட்டையில் அப்படிச் சில நிலையங்கள் இருக்கின்றன. 2.5 வானியல் அலகில், வியாழன் ஒரு சுற்று முடிப்பதற்குள் கல் மூன்று சுற்று முடிக்கும் இடம் ஒன்று. உள்விளிம்பில் சனியின் செல்வாக்கில் உள்ள இடம் இன்னொன்று. அங்கே வந்த கல்லின் நீள்வட்டம் நீண்டுகொண்டே போய் பூமியின் பாதையைத் தொட்டுவிடும். அந்த இடம் வரை கல்லை நகர்த்துவது வெயில். வெயிலில் காய்ந்த மொட்டைமாடி சாயங்காலமும் அனலடிக்கிறதல்லவா? சுழலும் கல்லின் மாலைப்பக்கமும் அப்படித்தான் வெப்பத்தை வெளியே விடும். அந்த வெப்பம் கல்லுக்குக் கொடுக்கும் உந்துதல் மிகச் சிறியது. ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகளில் அது கல்லை இடம்பெயர்த்துவிடும். இதை யார்கோவ்ஸ்கி விளைவு என்கிறார்கள்.

8. நிறத்தைப் பொருத்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள்

சிறுகோள் மேல் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை வண்ணவாரியாகப் பிரித்தால் கனிமங்களின் அடையாளம் தெரியும். 1970இல் வெஸ்டாவின் ஒளியை இப்படிப் பிரித்தபோது யூக்ரைட் என்ற எரிமலைப்பாறை விண்கற்களோடு பொருந்தியது. ஆனால் வெஸ்டாவிலிருந்து கல் எப்படி வாசல் வரை வந்தது என்ற கேள்வி இருந்தது. 1993இல் வெஸ்டாவுக்கும் வாசல்களுக்கும் நடுவே அதே நிறத்தில் சின்னச் சின்னச் சிறுகோள்கள் சங்கிலியாகக் கிடப்பதைக் கண்டார்கள். அப்புறம் ஹபிள் தொலைநோக்கி வெஸ்டாவின் தென்முனையில் பெரிய பள்ளத்தைக் காட்டியது. 2011இல் டான் விண்கலம் நேரிலேயே போய் அதை அளந்தது. 525 கி.மீ. அகல வெஸ்டாவில் பள்ளம் மட்டும் சுமார் 500 கி.மீ. இந்த ஒரு தாயை நிலைநாட்ட நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

சாதாரண கோண்ட்ரைட்டில் நிறம் ஏமாற்றியது. சூரியக் காற்றும் நுண்தூசும் பட்டுப்பட்டுச் சிறுகோளின் மேற்பரப்பு சிவந்து மங்கிவிடும், கல்லின் நிறத்தோடு ஒத்துப்போகாது. 2010இல் ஜப்பானின் ஹயபுசா விண்கலம் இடோகாவா சிறுகோளிலிருந்து மண்ணெடுத்து வந்தபின்தான் அந்த வழக்கு முடிந்தது. மண் எல்எல் ரகம்.

கடிகாரம் என்றது விண்வெளியில் பாயும் காஸ்மிக் கதிர்களை. தாயின் உள்ளே புதைந்திருக்கும்வரை கல்லுக்குக் கவசம் உண்டு. உடைந்து வெளியே வந்ததும் கதிர்கள் பட்டு உள்ளே ஹீலியம்-3, நியான்-21 சேர ஆரம்பிக்கும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் எப்போது உடைந்தது என்று தெரியும். ஹெச் ரகக் கற்களில் நிறைய 70, 80 லட்சம் ஆண்டுகளைக் காட்டுகின்றன. 2024 அக்டோபரில் வெளிவந்த ஆய்வுகள் இந்தக் காலத்தைச் சிறுகோள் குடும்பங்கள் (ஒரே சிறுகோள் உடைந்து சிதறிய கூட்டங்கள்) உடைந்த காலத்தோடு வைத்துப் பார்த்தன. கரின் குடும்பம் 58 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பும், கொரோனிஸ் குடும்பத்தின் ஒரு கிளை 76 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பும், மஸ்ஸாலியா குடும்பம் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் சிதறியவை. நமக்கு வரும் விண்கற்களில் 70 விழுக்காடு இந்த மூன்று குடும்பங்களிலிருந்தே வருகின்றன என்பது அந்த ஆய்வுகளின் முடிவு. ஹெச் ரகத்துக்கு முதல் இரண்டு, எல் ரகத்துக்கு மஸ்ஸாலியா.

எல்லா நூலும் ஒன்றாகக் கைக்கு வந்த தருணங்களும் உண்டு. 2018 ஜூன் 2 அன்று சில மணி நேரம் முன்னதாகவே தொலைநோக்கியில் சிக்கிய ஒரு குட்டிச் சிறுகோள் போட்ஸ்வானாவின் கலஹாரியில் விழுந்தது. பாதை, ரகம், கதிர்க்காலம் மூன்றும் வெஸ்டாவைக் காட்டின. சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெஸ்டாவின் ரூப்ரியா என்ற பள்ளத்திலிருந்து கிளம்பியிருக்கலாம் என்பதுவரை போனார்கள். இதற்கு நேர்மாறாக 2008 அக்டோபரில் சூடான் பாலைவனத்தில் விழுந்த 2008 டிசி3 என்ற குட்டிச் சிறுகோள். விழும் முன்பே பார்த்தாயிற்று, கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் மணலில் வரிசையாக நடந்து நூற்றுக்கணக்கான துண்டுகளைப் பொறுக்கியும் ஆயிற்று. பார்த்தால் பெரும்பாலும் யூரிலைட் என்ற அபூர்வ ரகம், நடுநடுவே என்ஸ்டடைட்டும் சாதாரண கோண்ட்ரைட்டும். நான்கு மீட்டர் கல்லுக்குள் பல ஊர்க்காரர்கள்.

9. விடையை எழுதும் விதம்

'தாய் யார்' என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். ரகம், வாசல், குடும்பம், தனிச் சிறுகோள் என்று தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் என்ன, உறுதி எவ்வளவு என்று பக்கத்தில் குறியுங்கள். பெரும்பாலான கற்களுக்குக் கடைசிக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

மதுரைக் கல்லுக்கு எழுதிப் பார்ப்போம். ரகம்: எல்எல்3.6, அதாவது தாயின் உள்ளே அதிகம் சூடேறாத கல், ஆய்வகத்தில் உறுதியானது. வாசல்: பாதையின் பதிவு இல்லாததால் காலி. குடும்பம்: எல்எல் ரகத்தோடு நிறம் பொருந்துவது பட்டையின் உள்பக்கத்தில், சனியின் வாசலுக்கு அருகே இருக்கும் ஃப்ளோரா குடும்பம், ரகத்தை மட்டும் வைத்துச் சொல்வதால் 'வாய்ப்பு அதிகம்' என்று குறிக்கலாம். தனிச் சிறுகோள்: காலி.